சிறுதேரும் சொப்பும்

குழந்தைக்குச் சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம். மருந்து வாங்கும்போது மருத்துவரைக் கேட்கிறோம். பள்ளியில் சேர்க்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் விளையாட்டுப் பொருள் வாங்கும்போது மட்டும், கடைக்காரர் எடுத்துக் காட்டியதையோ, குழந்தை கைநீட்டி அழுததையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். அது ஒரு சிறு செலவு; உடைந்தால் போகட்டும் என்பது நம் எண்ணம். குழந்தையோ தான் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதியை அந்தச் சிறு பொருளோடுதான் கழிக்கிறது. அதன் கையும் கண்ணும் மனமும் முதன்முதலாகப் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அதுவே. அப்பள்ளிக்கூடத்திற்குப் பெற்றோரே தாளாளர். அவர்களே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்று, நீண்ட காலம் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மகளுக்குத் தந்தை. இப்பொழுது ஒரு பேரனுக்குத் தாத்தா. விளையாட்டுப் பொருளை மனிதர் எக்காலத்தில் எவ்வாறு தேர்ந்தெடுத்தனர் என்ற வரலாற்றையே இவ்வுரையில் கூற விரும்புகிறேன். முன்னோர் எதைக் கொடுத்தனர், ஏன் கொடுத்தனர் என்று அறிந்தால், இன்று கடைத்தெருவில் நின்று மயங்கும் பெற்றோருக்கு ஓரளவு தெளிவு பிறக்கும் என்பது என் நம்பிக்கை.

விளையாட்டுப் பொருளின் வரலாறு அரசர்களின் வரலாற்றினும் பழைமையானது. சிந்து வெளியின் மொகஞ்சதாரோ, அரப்பா, சான்குதாரோ ஆகிய இடங்களை அகழ்ந்தபோது, சுட்ட மண்ணாலான சிறு வண்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. பறவை உருவில் அமைந்த ஊதுகுழல்களும், தலையை ஆட்டும் எருதுகளும் கிடைத்தன. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குழந்தை, கயிற்றைப் பிடித்து இழுத்து அந்த எருதின் தலையை ஆட்டி மகிழ்ந்திருக்க வேண்டும். அம்மக்களின் எழுத்தை இன்றுவரை நம்மால் ஐயமறப் படிக்க இயலவில்லை. அவர்களுடைய குழந்தைகளின் மகிழ்ச்சியை மட்டும் எளிதில் படித்துவிடுகிறோம். நம் வைகைக் கரையிலுள்ள கீழடியிலும், பானை ஓடுகளைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. உடைந்த பானையின் ஓட்டை எறிந்துவிடாமல் சில்லாக்கி ஆடும் வழக்கத்தை நம் ஊர்த் தெருக்களில் நாமே கண்டிருக்கிறோம்.

சங்க இலக்கியத்தைப் புரட்டினால் பொம்மைத் தேர் ஒன்று நம் முன் உருண்டு வருகிறது. குறுந்தொகையின் 61-ஆம் பாடலைப் பாடியவர் தும்பிசேர் கீரனார். தச்சன் செய்து கொடுத்த சிறிய குதிரை பூட்டிய வண்டியில் சிறுவர்களால் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும், அதைக் கையால் இழுத்துச் செல்வதிலேயே அவர்கள் இன்பம் அடைகிறார்கள் என்று அப்பாடல் கூறுகிறது. தலைவனோடு கூடி மகிழாவிட்டாலும் அவன்பால் கொண்ட நட்பே தலைவியின் உள்ளத்தை நிறைக்கிறது என்று தோழி கூறுவதற்கு இது உவமையாக வந்தது. காதலைச் சொல்ல வந்த புலவர், குழந்தை உளவியலின் முதற் பாடத்தையும் போகிற போக்கில் சொல்லிவிட்டார். விளையாட்டுப் பொருளின் இன்பம் அப்பொருள் எதைச் செய்கிறது என்பதில் இல்லை. குழந்தை அதைக் கொண்டு எதைச் செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதனை நினைவில் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். பின்னர் வந்த மேலைநாட்டு அறிஞர் பலரும் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம் இதுவே.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் தேரை மறக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் வண்ணம் செய்த தேரை உருட்டி உருட்டிக் களைத்த குழந்தைகள், செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்கும் காட்சி வருகிறது. தச்சருடைய பிள்ளைகள் நாள்தோறும் மரவேலையைக் கண்டு பழகியவர்கள். அவர்களே ஆசைப்படும்படி அமைந்ததென்றால், அத்தேர் எத்தகைய வேலைப்பாடு உடையதாக இருந்திருக்கும்! அவரே பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தில் மூன்று உருளைகள் கொண்ட சிறுதேரைச் சிறுவர் உருட்டி வருகின்றனர். உலரும் நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியில் கிடந்து தடுக்கிறதாம். ஊரின் செல்வத்தைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார். எனினும் இன்னொன்றும் இதில் விளங்குகிறது. பொன்னைக் கோழிமேல் எறியும் வீட்டிலும் குழந்தையின் கையில் இருந்தது குதிரை பூட்டாத ஒரு மரத்தேர்தான்.

செல்வர் வீடு அப்படி. வறியவர் வீடு எப்படி? வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயருக்கே மண்ணால் செய்த சிறுவண்டி என்பது பொருள். உச்சயினி நகரத்துச் சாருதத்தன் கொடுத்துக் கொடுத்தே வறியவனானவன். அவன் மகன் உரோகசேனன் அண்டை வீட்டுச் சிறுவனின் பொன் வண்டியோடு விளையாடினான். உரியவன் அதை எடுத்துக்கொண்டு போனதும் அழுதான். பணிப்பெண் இரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து கொடுத்தாள். குழந்தை அதை ஏற்கவில்லை. பொன் வண்டியே வேண்டும் என்றான். அதைக் கண்ட வசந்தசேனை மனம் இளகித் தன் அணிகலன்களைக் கழற்றி மண் வண்டியில் நிரப்பி, பொன் வண்டி செய்துகொள்ளும்படி கூறினாள். பின்னர் அந்த அணிகலன்களே நீதிமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம் வரை கொண்டுசென்றன. அண்டை வீட்டுக் குழந்தையின் பொம்மை தன் குழந்தையின் கண்ணில் நீர் வருவிக்கும்போது பெற்றோர் படும் துன்பம் நம் காலத்தில் தோன்றியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்து, பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நினைவூட்டுகிறேன். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்து, அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது அதன் மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை என்று ஒற்றைப்பட்ட மாதங்களாக எண்ணி, இருபத்தொன்றாம் மாதத்தில் சிறுதேர் என முடிப்பது ஒரு வழக்கு. இவ்வரிசையில் ஓர் ஆசிரியன் காணத்தக்க உண்மை உண்டு. முதலில் தலை நிமிர்கிறது. பிறகு கைகள் ஒன்றோடொன்று கொட்டுகின்றன. பிறகு கால்கள் நடக்கின்றன. அதன் பின்னரே பறையும் தேரும் கைக்கு வருகின்றன. உடல் எதற்கு அணியமாகிறதோ அதற்கேற்ற விளையாட்டே அப்பருவத்திற்கு உரியது என்பதை நம் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆறு மாதக் குழந்தைக்கு ஆறு வயதுக்குரிய பொருளை வாங்கித் தரும் அவசரம் அவர்களிடம் இல்லை.

கடைசி மூன்று பருவங்களில் மட்டும் ஆண்பால், பெண்பால் பிரிவு உண்டு. ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்குக் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உள்ளவாறு அம்மானை, நீராடல், ஊசல். வேறு சில நூல்களில் கழங்கும் வரும். தேர் ஆணுக்கு, ஊசல் பெண்ணுக்கு என்று அன்று வகுத்த கோடு நம் வீட்டு முற்றம் வரை நீண்டு வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இனி மேல்நாட்டுக்குச் செல்வோம். இங்கிலாந்தின் தத்துவஞானி ஜான் லாக் 1693-இல் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விளையாட்டுப் பொருளைப் பற்றி அதில் அவர் கூறுவன இன்றும் சிந்திக்கத்தக்கவை. வழவழப்பான ஒரு கூழாங்கல், ஒரு காகிதத் துண்டு, தாயின் சாவிக்கொத்து ஆகியவை சிறு குழந்தையை மகிழ்விக்கும் அளவுக்குக் கடையில் விலை கொடுத்து வாங்கிய பொருளும் மகிழ்விக்கும், அவ்வளவே என்பது அவர் கருத்து. அளவுக்கு மிஞ்சிய விளையாட்டுப் பொருள்கள் குழந்தைக்குப் போதும் என்ற மனத்தைக் கொடாமல், மேன்மேலும் வேண்டும் என்ற மனத்தையே கொடுக்கும் என்று அவர் எச்சரித்தார். பொருள்களைப் பெரியோர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தருக என்றார். இயன்றவரை குழந்தைகளே தமக்கு வேண்டியதைச் செய்துகொள்ளட்டும் என்றார். எழுத்துகளை ஒட்டிய பகடைகளை உருட்டி விளையாட்டாகவே எழுத்தறிவிக்கலாம் என்ற யோசனையையும் கூறினார். 1760-களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்றார். சிதறிய துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு அவ்வாறு பூகோளப் பாடமாகவே கடைக்கு வந்தது. 1798-இல் மரியா எட்ஜ்வொர்த் தம் தந்தையோடு சேர்ந்து எழுதிய கல்வி நூலின் முதல் அத்தியாயமே விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. பொம்மையைக் குழந்தை உடைப்பது பெரும்பாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலால்தான் என்று அவ்வம்மையார் குழந்தைகளுக்காக வாதாடினார்.

இக்கருத்துகளை ஒரு முறையாக அமைத்தவர் ஜெர்மனியின் பிரெடெரிக் பிரோபெல். அவர் 1837-இல் பிளாங்கென்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் பரிசுகள் என்று பெயர். முதற் பரிசு கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, கன சதுரம், உருளை. மூன்றாவது எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கன சதுரம். குழந்தை அதைப் பிரிக்கிறது. பிரித்ததை நாற்காலியாக்குகிறது, படியாக்குகிறது, கோயிலாக்குகிறது. மீண்டும் சேர்த்து முழுமையாக்குகிறது. இந்த எளிய மரக்கட்டைக்கும் அரசாங்கம் அஞ்சியது என்றால் வியப்பீர்கள். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன் பள்ளிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டில் பிரோபெல் மறைந்தார். ஆனால் கருத்து மறையவில்லை. 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பொருட்காட்சியில் பிரோபெல் கட்டைகளைக் கண்ட ஒரு தாய் அவற்றைத் தம் மகனுக்கு வாங்கித் தந்தார். அம்மகன் பிற்காலத்தில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகள் தம் விரல்களில் என்றும் தங்கியிருந்தன என்ற கருத்தை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயர் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. 1907-இல் உரோமாபுரியின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே அழகிய பொம்மைகளும் இருந்தன. ஆனால் குழந்தைகள் அவற்றை நாடாமல், பொருத்துவதும் அடுக்குவதும் துடைப்பதுமான உண்மை வேலைகளையே நாடியதைக் கண்டு அவர் வியந்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் இத்தாலி எதிரி நாடானதால் நாடு திரும்ப இயலாமல் இங்கேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். எங்களைப் போன்றோர் ஆசிரியப் பயிற்சியில் பிரோபெல், மாண்டிசோரி என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். அப்பெயர்களின் பொருள் என் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது.

என் மகளுக்கு மூன்று வயது நடந்த காலம் அது, 1992-ஆம் ஆண்டு. திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம். தேரோடும் வீதியெங்கும் கடைகள். பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் மின்கலத்தால் ஓடும் கார் ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், ஒலி எழும், சுவரில் முட்டித் திரும்பும். என் மகளுக்கு அதன்மேல் கண். அதன் விலையைக் கேட்டேன். ஆசிரியனின் மாத வருவாயில் அது ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. உரோகசேனனுடைய தந்தையின் நிலை எனக்குப் புரிந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் அச்சிறுவன் விளையாடுவதைச் சில நாள் கவனித்திருந்தேன். கார் ஓடும்போது அவன் கைகட்டி நின்று பார்ப்பான். அது நின்றால் அவனும் அதை விட்டு நீங்குவான். விளையாடியது கார், பார்வையாளன் குழந்தை.

ஆகவே கடைசல் மரத்தேர் ஒன்றையும், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கொண்ட ஓர் ஓலைப் பெட்டியையும் பார்த்தோம். உடன் வந்திருந்த என் அத்தை, "பொட்டப் பிள்ளைக்குத் தேர் எதுக்குய்யா? சொப்பு போதாதா?" என்றார்கள். பிள்ளைத்தமிழ் வகுத்த கோடு அவர்கள் வாயிலாகப் பேசியது. என் மனைவி மறுமொழி கூறவில்லை. இரண்டையும் வாங்கும்படி கண்ணால் குறிப்புக் காட்டினாள். வீட்டுக்கு வந்த பின் குழந்தை தானே வழக்கைத் தீர்த்துவிட்டது. கொலுவில் வைக்கும் மரப்பாச்சியைத் தேரில் அமர்த்தினாள். சொப்பில் மணலைப் பொங்கி அதற்கு நைவேத்தியம் வைத்தாள். தேரை வீதியுலாவாகத் திண்ணையைச் சுற்றி இழுத்தாள். அத்தையும் தேரின் பின்னே கைகூப்பி நடந்து வர வேண்டியதாயிற்று! தேர் ஆணுக்கு, சொப்புப் பெண்ணுக்கு என்ற பிரிவினை பெரியோர் செய்தது. குழந்தையின் உலகில் தேரும் அடுப்பும் ஒரே திருவிழாவின் இரு பகுதிகள்.

அதே திருவிழாவில் வேறொரு செய்தியும் நிகழ்ந்தது. மலிவாகக் கிடைத்தது என்று வண்ணம் தீட்டிய மரக்கிலுகிலுப்பை ஒன்றைத் தங்கையின் கைக்குழந்தைக்காக வாங்கியிருந்தோம். என் மனைவி எதையும் குழந்தையிடம் கொடுக்குமுன் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைப்பாள். துணி சிவந்துவிட்டது. கிலுகிலுப்பையை ஒலிக்கச் செய்வதற்குமுன் வாயில் வைத்துச் சுவைப்பதே கைக்குழந்தையின் இயல்பு. அந்தச் சிவப்பு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணி இருவரும் நடுங்கினோம். மறுநாள் காலை அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர், "இத்தனை பேர் வாங்கிப் போகிறார்கள், நீங்கள் ஒருவர்தான் துணி கொண்டு துடைத்தீர்கள்" என்று சலித்துக்கொண்டார்.

அவர் சலித்தாலும், வரலாறு என் மனைவியின் பக்கமே நிற்கிறது. வண்ணங்களில் ஈயம் கலப்பது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் குழந்தைகளுக்கு நேர்ந்த ஈய நஞ்சுக்கு வீட்டுச் சுவரிலும் தாழ்வாரக் கம்பியிலும் பூசிய வண்ணமே காரணம் என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904-இலேயே எழுதினார். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அதற்கு இல்லை. இருந்தும், அமெரிக்கா குழந்தைப் பொம்மைகளிலும் வீட்டு வண்ணங்களிலும் ஈயத்தைத் தடுத்தது 1978-இல்தான். அறிவு பிறந்ததற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே எழுபத்து நான்கு ஆண்டுகள்! நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-இல் வெளியாயிற்று. விளையாட்டுப் பொருள்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் பிறந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வேண்டும். ஈரத் துணிச் சோதனை ஒட்டாத சாயத்தைக் காட்டுமேயன்றி ஈயத்தைக் காட்டாது. ஆகையால் துணியும் வேண்டும், முத்திரையும் வேண்டும்.

வண்ணம் ஒரு தீங்கு. அளவு மற்றொரு தீங்கு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொருளில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழாய்க்குள் முழுதும் அடங்கும் துண்டு இருக்கலாகாது என்பது உலகில் பல நாடுகள் ஏற்ற விதி. அக்குழாய் சிறு குழந்தையின் தொண்டையை மனத்தில் கொண்டு அமைத்தது. தளர்ந்த சக்கரம், ஆடும் பொத்தான், பெயர்ந்து வரும் கண் ஆகியவற்றை இழுத்துப் பாராமல் பொம்மையைக் குழந்தையின் கையில் கொடுக்கலாகாது.

நம் கைவினைஞர்கள் இவ்விதிகளுக்கு முன்பே இவற்றிற்கு விடை கண்டிருந்தனர். அரக்குக் கடைசல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கருநாடகத்துச் சென்னபட்டணத்துத் தொழிலில் காணலாம். வெண்மையும் மென்மையும் உடைய வெட்பாலை மரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் வெம்மையால் அரக்கு இளகி மரத்தோடு படியும். பின் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கூர்முனை இல்லை, தூரிகைச் சாயம் இல்லை. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்பும் கடைசல் தொழிலின் குழந்தையே. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், எத்தனை முறை சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடுகிறது. ஈர்ப்பு மையத்தைப் பற்றி நான் கரும்பலகையில் வரைந்து விளக்கியதைவிட, மேசைமேல் இப்பொம்மையை வைத்துத் தள்ளிக் காட்டியபோதே மாணவர்களுக்கு விளங்கியது. பனையோலைக் கிலுகிலுப்பையும், மூன்று உருளை நடைவண்டியும், செம்மரத்து மரப்பாச்சியும் இவ்வரிசையில் சேர்ந்தவை.

இவற்றைத் தெருவோரம் ஒதுக்கியது தொழிற்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரம் பொம்மைத் தொழிலில் உலகுக்கே தலைநகராயிற்று. 1914-இல் போர் மூண்டபோது அவ்வரவு தடைப்பட, ஜப்பான் அவ்விடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. தகரமும் எளிதில் தீப்பற்றும் செல்லுலாயிடும் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. அதிலும் ஒரு நல்ல கதை உண்டு. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் நிறுவிய லெகோ நிறுவனம் 1958-இல் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளுக்குக் காப்புரிமை கோரியது. பிரோபெலின் மூன்றாம் பரிசு பிளாஸ்டிக்கில் மறுபிறவி எடுத்தது என்று அதைச் சொல்லலாம். எனவே மரம் எல்லாம் நன்று, பிளாஸ்டிக் எல்லாம் தீது என்று தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாது. சாயம் ஒட்டாத மரக்கிலுகிலுப்பையை நானே பார்த்திருக்கிறேனே! பொருள் எதனால் ஆயது என்பது ஒரு கேள்வி. அது குழந்தையை எதைச் செய்யத் தூண்டுகிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் கேட்டாக வேண்டும்.

இக்காலத்துப் பெற்றோரின் துன்பம் என் காலத்துத் துன்பத்தினும் வேறானது. எனக்குப் பொருள் குறைவு. அவர்களுக்குப் பொம்மைகள் மிகுதி. என் மகள் இன்று தன் மகனுக்காகப் பொருள் தேடும்போது, கைப்பேசியில் ஒரு நொடியில் ஆயிரம் பொம்மைகள் அணிவகுக்கின்றன. அந்தக் கைப்பேசியே குழந்தைக்கு ஆயிரத்தோராவது பொம்மையாகவும் ஆகிவிடுகிறது. ஒரு வயதுக் குழந்தையைத் திரையின்முன் அமர்த்துதல் வேண்டா, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுரை வழங்கியது. குறுந்தொகைச் சிறுவன் தேரைக் கையால் இழுத்தான். திரையில் ஓடும் தேரைக் குழந்தை இழுக்க இயலாது. தேர்தான் குழந்தையை இழுத்துச் செல்கிறது.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து என் மனத்தில் படிந்தவை நான்கு கேள்விகள். கடையில் நிற்கும்போது இவற்றை நமக்குள் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று: இது குழந்தையின் வாய்க்கும் தொண்டைக்கும் தீங்கற்றதா? இரண்டு: பிள்ளைத்தமிழ் காட்டுவது போல, இது குழந்தையின் இன்றைய பருவத்திற்கு உரியதா, அன்றி நம் அவசரத்திற்கு உரியதா? மூன்று: இதைக் கொண்டு குழந்தை எத்தனை விதமாக விளையாட முடியும்? ஒரே விதம் என்றால் அது ஒரு வாரத்துப் பொருள். பல விதம் என்றால் பல ஆண்டுப் பொருள். நான்கு: முன்பு வாங்கியவை போதாவோ? லாக் கூறியதை ஒட்டிப் பாதியைப் பெட்டியில் வைத்து, திங்கள்தோறும் மாற்றி எடுத்துக் கொடுத்தால், பழையதே புதியதாகிவிடும்.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். சங்க காலத்துப் புலவர் தச்சனையும் தேரையும் ஒரே அடியில் வைத்துப் பாடினார். செய்தவனை மறந்து பொருளை மட்டும் பார்க்கவில்லை. நம் ஊர்களில் கடைசல் பொறியின் முன் அமர்ந்து சொப்புச் செய்யும் கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அக்கைகள் ஓய்ந்துவிட்டால், நூலில் படித்து அக்கலையை மீட்டுவிட இயலாது. அடுத்த முறை திருவிழாவுக்குச் செல்லும்போது, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தகைய ஒரு கடையின் முன் சற்று நில்லுங்கள். விலையைக் கேட்பதற்கு முன், "இதை யார் செய்தது, எப்படிச் செய்தது?" என்று குழந்தையின் காதில் விழும்படி கேளுங்கள். பொருளோடு அந்த விடையும் குழந்தையின் வீட்டுக்கு வரட்டும்.